யோகம் அன்ரி எனக்கு விட்டுவைத்த கோடு

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா தொலைபேசி எடுத்தார். காசை மிச்சம் பிடிக்க எப்போதும் எஸ்.எம்.எஸ். மட்டும் அனுப்புகிறவர்.

"யோகம் அன்ரி காலமை மோசம் போயிட்டாவாம். நெஞ்சு நோகுதெண்டவவாம். அம்புலன்ஸ் வரமுதலே..."

"பகிடி விடாதேங்கோ அம்மா" என்றேன். எங்கள் வீட்டில் இந்த வசனத்தைச் சொல்வது அம்மா, கேட்பது நான். அன்றைக்குத்தான் மாறிப்போனது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவர் அன்ரியின் கணவர். "மற்றவை எல்லாரும் சாந்தமானவ எண்டு எழுதுவினம். நீ உண்மையை எழுது பிள்ளை" என்றார் அங்கிள்.

சரி, உண்மை. ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்த யோகம் அன்ரி சாந்தமானவர் அல்லர். பகலில் மழலையர் பள்ளிச் சமையலறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் நோட்டம் விட்டு நோட்டுச் சேர்ப்பார். அதுவும் நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் பக்கம் அடித்த நோட்டுகள்.

முதல் நோட்டு, பள்ளி இசைக்குழுவுக்காகப் பழைய சாமான் விற்ற இடத்தில், பத்துக் குரோனருக்கு வாங்கிய நோர்வீஜிய பைபிளுக்குள் இருந்தது. அமெரிக்கா போய்த் திரும்பிய யாரோ வைத்திருக்க வேண்டும். அன்ரி உடனே என்ன செய்தார்? வேலையிடத்துக்குக் கொண்டுபோய் லமினேட் செய்தார். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, மூன்றாம் வகுப்புப் பேச்சுப்போட்டிப் பரிசு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அடைத்து வைக்கிற ஆட்கள் அல்லவா நாங்கள்! அதைக் கண்ட நோட்டுச் சேகரிப்பாளர் சங்கத்து வெள்ளைத் தாடிக்காரர் நெற்றியில் கை வைத்தாராம். லமினேட் செய்தால் நோட்டு செத்தது.

"அடிமையளை வைச்சிருக்கச் சண்டை பிடிச்ச ஆக்களின்ரை காசு. அவை தோத்தது நல்லது" என்பார் அன்ரி.

"பிறகேன் அன்ரி சேர்க்கிறியள்?"

"இந்தக் கையெழுத்தைப் பார். அச்சில்லையடி, கையாலை போட்டது. சண்டையிலை புருஷனைக் குடுத்த பொம்பிளையளும் ஒரு மேசையிலை இருந்து நாள் முழுக்கப் போட்டிருக்கினம். ஒவ்வொரு நோட்டிலையும் ரெண்டு கோடு, ரெண்டு பேரின்ரை கையெழுத்து."

சில நோட்டுகளில், சமாதான ஒப்பந்தம் வந்து இரண்டு வருடத்தில் பணம் தருவோம் என்று அச்சடித்திருக்கும். அன்ரி அதை வாசித்துவிட்டு, "இலங்கைச் சமாதானம் பேசுற ஒஸ்லோவிலை இருக்கிற நாங்கள் இதை நம்பாட்டி வேறை ஆர் நம்புவினம்?" என்று சிரிப்பார்.

இனி என் குற்றம். அன்ரியின் ஒரு நோட்டை, இரண்டு கையெழுத்தையும் மறைத்து, பள்ளிக்கூடத்து வர்ண நகல் இயந்திரத்தில் அடித்தேன். நடுவிலிருந்த அழகியின் தலையை வெட்டி, கல்யாணப் படத்திலிருந்த அன்ரியின் முகத்தை ஒட்டி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, இஸ்திரி போட்டு, அவரின் நோட்டு அல்பத்தில் சொருகினேன். ஞாயிற்றுக்கிழமை அல்பத்தைப் புரட்டும்போது கண்டுபிடிப்பார், ஏச்சும் வடையும் கிடைக்கும் என்பது திட்டம்.

சனிக்கிழமையே அல்பம் புறப்பட்டுவிட்டது. சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்காக அன்ரி இரண்டு வருடம் காத்திருந்தார். அந்த முறைதான் கிடைத்திருந்தது. ரயிலில் அல்பத்தை மடியை விட்டு இறக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த நான் அதை உருவி எடுக்க வழியில்லாமல் நிலையங்களை எண்ணினேன். மண்டபத்தில் நோட்டுகளை அடுக்கியபோதும் அவர் மூக்குக்கண்ணாடி போடவில்லை.

தாடிக்காரர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நோட்டைப் பார்த்தார். அன்ரியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். பக்கத்துப் பெட்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். அன்ரி காத்திருந்த இரண்டு வருடத்தை நான் ஒரு நகலில் கெடுத்துவிட்டேன்.

அன்ரி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நோர்வீஜிய மொழியில் ஆறுதலாகச் சொன்னார்: "இது கள்ளநோட்டு. அந்தந்தக் காலத்துக் கள்ளநோட்டுகளையும் நீங்கள் சேர்ப்பீர்கள்தானே?"

"சேர்ப்போம். இது எந்தக் காலம்?"

"அம்மருட் காலம்."

தாடிக்காரர் சிரித்த சிரிப்பில் பெட்டிக் கண்ணாடி அதிர்ந்தது. அவரே அதை எடுத்து நடுவில் வைத்தார். அன்றைக்கு எல்லோரும் பார்த்தது அன்ரியின் பெட்டியைத்தான்.

திரும்பும் ரயிலில், "ஆரடி செய்தது?" என்றார்.

"தெரியாது அன்ரி. கெட்டிக்காரியாத்தான் இருக்கோணும்."

"கெட்டிக்காரிதான். ஆனால் கையெழுத்துப் போடப் பயந்தவள். ரெண்டு கோடும் வெறுமையாக் கிடக்கு."

அதற்குப் பிறகு எப்போது போனாலும் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் மண்ணிற மைப் பேனை ஒன்று இருக்கும். "மறந்துபோய் வைச்சிட்டன்" என்பார். நான் வடையை மட்டும் எடுப்பேன். கையெழுத்துப் போட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும்; கேட்டால் அழுதுவிடுவேன். பகிடிக்காரிக்கு அது மரியாதை இல்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று இரண்டு வருடம் போனது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் அங்கிள் அல்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் நோட்டு மட்டும் உறையில்லாமல் இருந்தது. முதல் கோட்டில் மண்ணிற மையில், தமிழில், அன்ரியின் கையெழுத்து.

"போன மாசம் போட்டவ" என்றார் அங்கிள். "மற்றக் கோடு அவளுக்கு, பேனையை எடுத்து வைச்சிடாதேங்கோ எண்டு சொன்னவ."

பேனை அங்கேயே கிடந்தது. இரண்டாவது கோட்டில் என் முழுப்பெயரையும் எழுதினேன். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கிள் மை காயும்வரை ஊதினார்.

"லமினேட் பண்ணுவமோ?"

"ஓம் அங்கிள். இதை மட்டும்."

போயிட்டு வாங்கோ அன்ரி. அடிச்சது நான்தான். வடை திறம்.