அரைக் கட்டை

என் அக்காவைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். பெட்டிக்காரி என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். பகலில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடுவது அவள் வேலை. சாயங்காலம் கண்ணாடிக் கடை மாடியில் நடக்கிற பாட்டு வகுப்பில் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பாள். பாட மாட்டாள். துணி மடிக்கும்போது தன்னை மறந்து ஒரு வரி முணுமுணுப்பார்களே, அதுகூடக் கிடையாது.

பதினாறு வயதுவரை அவள் பாடி நான் கேட்டிருக்கிறேன். அக்கா குளிக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிடுவார். தங்கை என்பதால் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்தத் தொண்டையைக் கொண்டுபோய் பல்வலிக்காரர்களைக் கூப்பிட வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை எல்லாரும் டீச்சர் என்பார்கள். எனக்கு வேறு சில வார்த்தைகள் வாய்வரை வருகின்றன. அச்சில் ஏறாது என்பதால் நானும் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

டீச்சர் யாரையும் திட்டியதில்லை. தப்பாகப் பாடினால் எழுந்து ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பார். சரியாக வந்தால்தான் திரும்புவார். அக்காவும் நானும் ஒன்றாகத்தான் வகுப்பில் சேர்ந்தோம். எனக்கு அந்த முதுகில் உள்ள மச்சம்வரை மனப்பாடம் ஆனதும் நின்றுவிட்டேன். அக்காவுக்கு அதைப் பார்க்கவேண்டி வந்ததே அபூர்வம்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. பெட்டியின் முதுகுப்புறம் எங்கள் பக்கம் இருக்கும், கட்டைகள் கண்ணில் படாது. டீச்சர் ஒரு கட்டையை அழுத்துவார். என்ன கட்டை என்று காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு என்றால் வெள்ளை. ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று அரை சேர்ந்தால் கறுப்பு. நான் குத்துமதிப்பாக ஏதாவது உளறுவேன். அக்கா தலையைச் சாய்த்து, அழுத்திய விரல் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவாள். ஒருநாளும் பிசகியதில்லை. அப்போது டீச்சர் பாராட்ட மாட்டார், ஆனால் முகத்தில் ஒன்று தெரியும். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று எங்கள் அம்மா பூரித்துப்போவாள். தன் நகையைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அக்காவுக்குப் பதினாறு முடிகிற சமயம் ஒரு பெரிய போட்டி வந்தது. ஜெயித்தால் தலைநகரத்தில் இசைக் கல்லூரியில் இடம், தங்கும் விடுதி, அங்கே வேறு ஆசிரியர். அக்கா ஐந்து கட்டையைச் சுருதியாக வைத்துப் பாடுவாள். அவள் எடுத்துக்கொண்ட பாட்டின் உச்சி சுரம் அந்தக் கட்டையில் அவள் தொண்டைக்குக் கடைசிப் படி. அதைத் தாண்டி ஒரு நூல் இடம்கூட இல்லை. வீட்டில் பாடும்போது அந்த இடம் வந்தால் அப்பா சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுவார்.

மேடையில் பெட்டி வாசித்தது டீச்சர். பாட்டு நன்றாகத்தான் போனது. உச்சிக்குப் போனபோது அக்காவின் குரல் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. சபையில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். அக்கா மீதிப் பாட்டைப் பாடி முடித்தாள் என்பார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், சுருதியை அரைக் கட்டை ஏற்றினீர்களா என்று. டீச்சர் பெட்டியைத் துணியால் மூடிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"நான் ஏத்தவே இல்ல. உனக்குக் காதுல கோளாறு."

குரல் போச்சு என்று சொல்லியிருந்தால்கூட அக்கா அழுது தீர்த்திருப்பாள். காதுல கோளாறு என்றதும் அடி சரியான இடத்தில் விழுந்தது. மேடையில் முதல் சுரத்திலேயே அக்காவுக்கு ஏதோ உறுத்தியது, ஆனால் டீச்சர் தப்பு செய்ய மாட்டார், தப்பு தன் காதில்தான் என்று நினைத்துத் தொடர்ந்து பாடிவிட்டாள். அது டீச்சர் கொடுத்த நம்பிக்கை. அதையே திருப்பிப் போட்டு அவளை அடித்தார். அதற்கப்புறம் அக்கா பாடவில்லை. தன் காதையே நம்பாதவள் எப்படிப் பாடுவாள்?

ஆனால் கை நன்றாக இருந்ததே. அதனால் டீச்சர் அவளைப் பெட்டிக்கு வைத்துக்கொண்டார். எந்தப் பாட்டையும் எந்தக் கட்டையிலும் குனிந்து பார்க்காமல் வாசிக்கும்வரை போட்டுப் பிழிந்தார். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வந்ததும் ஒரு கதை சொல்வார். நல்ல குரல் உள்ள ஒரு பெண், காது சரியில்லாததால் மேடையில் உடைந்துபோனாள், ஆகையால் காதைப் பழக்குங்கள். கடைசியில் அக்காவைக் கைகாட்டி, "இவளுக்குக் கையில இருக்கறது காதுல இல்ல" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். இதைக் கேட்டுவிட்டு வந்து நான் வீட்டில் குதிப்பேன். உனக்கு வெட்கம் மானம் இல்லையா, அங்கே இன்னும் என்ன வைத்திருக்கிறாய் என்று கத்துவேன். அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுப்பாள். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் உள்ள தூரம் கைக்குப் பழகியபோதே அன்றைக்கு நடந்தது அவளுக்கு விளங்கிவிட்டது என்றும், அவள் கறுவிக்கொண்டிருக்கிறாள் என்றும் எனக்கு அப்போது தெரியாது.

டீச்சருக்கு எழுபது நெருங்கியது. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். டீச்சரே பாடுவதாக ஏற்பாடு. எந்தப் பாட்டு என்று அக்காதான் கேட்டாள். போட்டியில் அக்கா பாடிய அதே பாட்டைச் சொன்னார். அது அவருக்கு நினைவே இல்லை என்று அக்கா வந்து சொன்னாள். ஒருத்தியின் வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டு, எதை வைத்துக் கவிழ்த்தோம் என்பதைக்கூட மறந்துவிடுவதா?

விழாவில் பெட்டியைத் தூக்கிவரும் சாக்கில் நான் மேடை ஓரத்தில் அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பாடும்போது யாரும் போனில் பதிவு செய்யக் கூடாது, அது அவருடைய பழைய சட்டம். எல்லாரும் போனை உள்ளே வைத்தார்கள். டீச்சர் இன்றும் ஐந்து கட்டைதான். அது வெள்ளைக் கட்டை. அக்கா பெட்டியின் துருத்தியை அசைத்து, விரலை அதற்கு மேலே இருந்த கறுப்பில் வைத்தாள்.

டீச்சரின் தலை லேசாகத் திரும்பியது. அக்கா எப்போதும் போல அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதுக்காரர், முழு சபை, மாலை போட்ட கழுத்து. நிறுத்தி என்ன கேட்பார்? பாடினார். உச்சி வந்தது. கிழிந்தது. அதே இடத்தில், அதே மாதிரி. சபை பாவப்பட்டுக் கை தட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி மகிழ்ந்ததில்லை.

அக்காவுக்கு அது போதவில்லை என்பது மறுவாரம்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் மாடிப்படி ஏறி அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அன்னைக்குச் சுருதி அரைக் கட்டை ஏத்தினியா?" என்று கேட்டார்.

அக்கா பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் ஏத்தவே இல்ல டீச்சர்."

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது டீச்சருக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. பிறகு, நான் இந்த ஜென்மத்தில் கேட்பேன் என்று நினைக்காததைச் சொன்னார்.

"நான் ஏத்தினேன். அந்தப் போட்டியில. நீ ஜெயிச்சுப் போயிட்டா திரும்பி வர மாட்டே. உன்ன மாதிரி ஒருத்தி எனக்கு மறுபடி கெடைக்க மாட்டா. உன் காதுல ஒண்ணுமே இல்ல. இருந்ததே இல்ல. இப்ப நீ சொல்லு."

அக்காவின் கை நின்றது. அவள் அழுவாள், உண்மையைச் சொல்லிவிடுவாள், இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஆமாம், பயந்தேன். அக்கா துணியை நான்காக மடித்துத் தரையில் வைத்தாள்.

"நான் ஏத்தல டீச்சர். வயசானா காது கொஞ்சம் அப்படித்தான் ஆகும்."

"என் காதா?"

"வேணும்னா பாக்கலாமே."

பெட்டியைத் திருப்பி, முதுகுப்புறம் டீச்சரைப் பார்க்கும்படி வைத்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். கட்டைகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அக்கா நான்காம் கட்டையை அழுத்தினாள். வெள்ளை.

"நாலு" என்றார் டீச்சர், உடனே.

"நாலரை டீச்சர்."

டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இன்னொன்று அழுத்தச் சொன்னார். அக்கா இரண்டாம் கட்டையை அழுத்தினாள். அதுவும் வெள்ளைதான். டீச்சர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். இந்தத் தடவை சொல்ல நேரம் பிடித்தது. இரண்டு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்.

"ரெண்டரை" என்றார்.

"ரெண்டு டீச்சர்."

அக்கா முதல் தடவை பொய் சொன்னாள், இரண்டாம் தடவை உண்மை சொன்னாள். எது எது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணில் கெஞ்சலை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"நீ அங்கதானே நிக்கறே. மொதல்ல அவ அழுத்தினது வெள்ளையா, கறுப்பா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பல் ஆஸ்பத்திரி வாசலில் இத்தனை வருஷம் கேட்ட அந்தக் குரல் எனக்கு நினைவு வந்தது. அடுத்தவங்க வாங்க.

"கறுப்புதான் டீச்சர்" என்றேன்.

டீச்சர் எழுந்தார். கதவுப் பக்கம் போவார் என்று நினைத்தேன். ஜன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். அக்கா நான்காம் கட்டையை மறுபடி அழுத்தினாள், விரலை எடுக்காமல். அந்த ஒற்றைச் சுரம் அறை முழுக்க நின்றது. டீச்சர் திரும்பவில்லை.