வலைக்கு நெசவு பார்த்தவன்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் மானியப் பிரிவு எழுத்தராக இருந்தேன். மானியத்தில் போகும் சகலமும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். மண்வெட்டி போயிற்று, கறவை மாடு போயிற்று, கடைசியில் மீன்வலையும் வந்தது. கடலைப் பார்க்க பஸ் மாறி மாறிப் போகவேண்டிய ஊரில் மீன்வலையா என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் எங்கள் பக்கத்துக் குளங்களிலும் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் மீன் இருக்கும். மீன் இருந்தால் சர்க்காரிடம் ஒரு திட்டம் இருக்கும்.

குளத்தில் மீன் பிடித்து விற்பவர்களுக்குப் பாதி விலையில் நைலான் வலை. எந்த வலை என்பதை அலுவலகமே முடிவு செய்யலாம். வலை ஓட்டையின் அளவுப்படி பெரிய கண்ணி, நடுத்தரம், பொடிக்கண்ணி என்று மூன்று மாதிரித் துண்டுகள் அட்டையில் தைத்து வந்தன. அதிகாரி அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் வீடு சைவம். மீனை நான் நெருங்கிப் பார்த்தது பாடப்புத்தகத்தில். ஆனால் நான் நெசவாளர் தெருவில் பிறந்தவன். அங்கே துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் தரம் சொல்வோம். வெளிச்சம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. மூன்று துண்டுகளையும் ஜன்னலில் பிடித்தேன். பொடிக்கண்ணியில் இழை நெருக்கம் அபாரம். மற்ற இரண்டும் ஏமாற்று வேலை என்று தீர்மானித்து, "மூன்றாவதே மிகவும் தரமானது" என்று குறிப்பு எழுதினேன். ஏழைகளுக்கு நல்லதாகவே வாங்கிக்கொடுத்த திருப்தியில் அன்று இரண்டு காபி குடித்தேன்.

வலை வாங்க வந்தவர்களில் பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கண்ணிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"விரலே நுழைய மாட்டேங்கு சார். பொடிக்குஞ்செல்லாம் ஏறி வந்துருமே."

"ஒண்ணும் தப்பாதுன்னா நல்லதுதானே அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டு வாங்கிப்போனார்.

முதல் வருஷம் மீன் குவிந்தது. இரண்டாம் வருஷம் குளம் நிறைந்தும் தவளைதான் கிடைத்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து விஷயத்தை விளக்கினார். குளத்தின் நடுவில் கோடையிலும் வற்றாத பள்ளம் ஒன்று உண்டாம். அடுத்த வருஷத்துக்கான மீன் அதில்தான் பிழைத்துக் கிடக்குமாம். அந்தப் பள்ளத்தை எங்கள் வலை துடைத்து எடுத்துவிட்டது. நீங்கள் வீசாமல் இருந்திருக்கலாமே என்றேன், என்னவோ யோக்கியன் மாதிரி.

"நான் விட்டா அடுத்த ஆளு அரிச்சிருதான் சார். எல்லார்ட்டயும் அதே வலைதானே. இந்த வலைய வாங்கிட்டுப் பெரிய கண்ணி தாங்க. குளத்துல விட மீன்குஞ்சும் தாங்க. குஞ்ச மட்டும் தந்தா அதையும் அரிச்சிருவோம். எங்க கைய நம்பாதிய."

அடுத்த வருஷமும் மீன் இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர்ச் செங்கல் சூளைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார்.

அவர் சொன்னதையே நல்ல தமிழில் போட்டு, மானியத்தை மாற்றியமைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். கொடுத்த பொடிக்கண்ணி வலைகளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், இனி அதற்கு மானியம் கூடாது. பெரிய கண்ணிக்கு மட்டும் தரவேண்டும். கூடவே குஞ்சும் தரவேண்டும். ஒரே ஓர் இடத்தில் பேனா நின்றது. முதலில் பொடிக்கண்ணியைத் தேர்ந்தது யார் என்று கேட்பார்களே? எனக்குப் பதவி உயர்வு நெருங்கிய நேரம். "பயனாளிகளே பொடிக்கண்ணி வலையைக் கேட்டுப் பெற்றனர்" என்று ஒரு வரி சேர்த்தேன். பார்க்க அடக்கமான வரிதான்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. கூடுதலாக ஒன்றும் கிடைத்தது: முன்பு பொடிக்கண்ணி வலை கேட்டுப் பெற்றவர்களுக்குப் புதிய திட்டத்தில் இடமில்லை.

புதிய திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைப் பார்க்க அவர் வந்தார். வாசிக்கத் தெரியாதவர் என்பதால் நானே வாசித்தேன். முடித்த பிறகு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மேலிடத்து உத்தரவு என்றேன். அது பொய்யும் இல்லை.

"நீங்க என்ன செய்விய சார். எங்களுக்காவ இவ்வளவு எழுதியிருக்கியளே."

வலையைத் தேர்ந்தவன் நான் என்று ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பியிருந்தால் அவர் பெயர் சேர்ந்திருக்கும். இரண்டு தடவை எழுதினேன். இரண்டாவது, முதலாவதைவிட நன்றாகவே வந்திருந்தது. இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மனைவி, இரண்டு பெண்கள், பாத்திரம் கட்டிய சாக்கு. நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, குளத்தில் குஞ்சு விட்டாயிற்றா என்று விசாரித்தார். விட்டாயிற்று என்றேன்.

"நல்லது சார். இனி பெருகிரும்" என்றார்.

பஸ் வருகிறதா என்று பார்ப்பவனைப்போல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.