வலியைத் தொட்டறிந்த அக்கா

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களில் பலர், ஒரு முறையாவது அவரிடம் கையையோ காலையோ நீட்டியவர்கள். அதனால் அவரைப் பற்றி உங்களிடம் சொல்வது எனக்குச் சற்று எளிது.

அக்கா பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டார். வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். அங்கே முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். சில ஆண்டுகளில் முதலுதவி அறையே அவர் பொறுப்பில் வந்தது.

வீட்டிலும் அதே ஆட்சிதான். கபடியில் கணுக்கால் பிசகி நான் வந்தால், "நாலு அடி நடந்து காட்டு" என்பார். நடக்க முடிந்து, எலும்பை அழுத்தினாலும் வலி இல்லை என்றால் அவர் முகம் தெளிந்துவிடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பார். அம்மா தைலத்தைச் சுடவைத்து எடுத்து வந்தால், "இப்ப சூடு வெச்சா வீக்கம் ஜாஸ்தி ஆயிடும்மா. தேய்க்காத, ரெண்டு நாள் போவட்டும்" என்று தடுப்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதைத் தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்வார். அந்தத் தைல வாசனையோடுதான் என் பிள்ளைப் பருவ மாலைகள் நினைவில் இருக்கின்றன.

ஒரு மழைக்காலத்தில் ஷாஹிதா என்ற தையல் பிரிவுப் பெண், கம்பெனிப் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் வீக்கம் கொஞ்சம்தான். அன்று சரக்கு அனுப்பவேண்டிய நாள்.

"சுளுக்குதான் சிஸ்டர், கட்டு போட்டு அனுப்புங்க" என்றார் சூப்பர்வைசர்.

விரல்கள் எல்லாம் அசைந்தன. ஆனால் கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்தை அக்கா அழுத்தியதும் ஷாஹிதா துடித்துப்போனார்.

"சுளுக்குன்னு தோணல சார். படம் எடுக்கணும்" என்று சொல்லி, மட்டை வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார் அக்கா.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வலி இருப்பதால் கட்டு இருக்கட்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். கம்பெனியிலோ, ஒன்றுமில்லாததை அக்கா பெரிதாக்கிவிட்டார் என்று பேசினார்கள். சில நாளில் ஷாஹிதாவே அழுதுகொண்டு வந்தார்.

"கட்ட அவுத்துடுங்க அக்கா. வலி கம்மியாயிடுச்சு. என் மிஷின்ல வேற ஆளப் போட்டுடுவாங்க."

"இந்த விரல் போச்சுன்னா அப்புறம் மிஷின் இருந்து இன்னா பண்ணுவ? நான் பேசுறேன். நீ கட்ட மட்டும் தொடாத."

சூப்பர்வைசரிடம் போய், "ரெண்டாவது படம் எடுக்கற வரைக்கும் அவள செக்கிங்ல ஒக்கார வைங்க சார். எலும்புல ஒண்ணும் இல்லன்னா நான் இந்த முதலுதவி ரூம விட்டுட்டு மறுபடி மிஷினுக்கே போய்டறேன்" என்றார். அரை மனதோடு சம்மதித்தார் அவர். அன்று வீட்டில் மாமாவிடம், "நான் சொன்னது தப்பா இருந்துட்டா?" என்று கேட்டார் அக்கா. அக்காவின் கணவரான மாமா ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். "தப்பா இருந்தா அந்தப் பொண்ணுக்கு நல்லதுதான" என்றார்.

இரண்டாவது படத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தது. தான் சொன்னது சரியாயிற்றே என்று அக்கா மகிழவில்லை. அந்தப் பெண்ணின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சில மாதங்களில் எலும்பு கூடியது. ஷாஹிதா தன் மிஷினுக்கே திரும்பினார்.

சென்ற ஆண்டு இதய நோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மாறி மாறித் துணையிருந்த கம்பெனித் தோழிகளுக்கும், மாமாவைத் தனியே விடாத ரயில்வே நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நாங்கள் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாத ஓர் இளம் நர்ஸுக்கும் நன்றி சொல்லவேண்டும். அக்காவைக் குனிந்து தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்கும்போது அந்த நர்ஸ் வலியில் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்குத் திணறிய நிலையிலும் அக்கா, "குனிஞ்சு தூக்காதம்மா. முட்டிய மடக்கித் தூக்கு" என்றார். அக்காவை உயிரோடு கடைசியாகத் தூக்கியவர் அந்தப் பெண்தான். முட்டியை மடக்கித்தான் தூக்கினார்.