கீறல் இல்லாத திமிங்கலம்

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் படம் சுத்தமாக விழுந்தால் நல்ல பேர். எனக்கோ சுத்தமாக விழுந்ததால்தான் வேலையே போகப் பார்த்தது.

அரை நாள் வேலை

வெள்ளை பனியனில் கறுப்புத் திமிங்கலம். அச்சடிக்கக் கூரியரில் வந்த படத்தின் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் திமிங்கலத்தின் உடம்பெல்லாம் கீறல். டச்சப் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கீறலைக் கண்டால் கை சும்மா இருக்காது. பத்தாவதோடு நின்ற எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பு மை தொட்டு ஒவ்வொரு கோடாக அடைத்தேன். கழுத்து வலியில் உயிர் போனது. எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் வாங்கிப் பார்த்தார்.

"கண்ணு, புதுக் கண்ணாடியாட்டப் பண்ணிப்போட்டயே!"

கடல்காரர் சாட்சி

சாம்பிள் அடித்த அந்தோணி அண்ணன் தூத்துக்குடிப் பக்கம். படம் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. வாத்துக்கு இருக்கிற மாதிரி நீண்ட அலகு, கீழ்த்தாடையில் துருத்திக்கொண்டு ரெண்டே பல். "ஏனுங்ணா, திமிங்கலம் இப்படியா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா நாப்பது வருசமா கடலுக்குப் போறாரு. அவரே பாக்காத மீன நான் திருப்பூர்ல வந்து பனியன்ல பாக்கேன்ல!"

மேடம் வந்தார்

ஆர்டர் கொடுத்த ஆபீஸிலிருந்து மேடம் வந்து, கையில் இருந்த போட்டோவையும் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கோடெல்லாம் எங்கே?"

அது அலகுத் திமிங்கலமாம். ஆழக்கடலிலேயே கிடக்குமாம், உயிரோடு பார்த்தவர்களே கம்மியாம். ஆண்கள் சண்டையில் அந்த ரெண்டு பல்லால் கீறிக்கொண்ட தழும்புதான் அந்தக் கோடுகளாம். அது இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது.

மாஸ்டர் என் காதில், "ஃபிலிமே இப்படித்தான் வந்துதுன்னு சொல்லீரு. இல்லீன்னா நாளைக்கு நீ வேலைக்கு வரவேண்டாம்" என்றார்.

"நாந்தானுங்க மேடம் அடைச்சேன். கீறல்னு நெனச்சுட்டேன். பிளேடுல சுரண்டிப் பழையபடி கொண்டுவந்தர்றனுங்க."

போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் வரை ஃபிலிமில் மையைச் சுரண்டினேன். மறு சாம்பிளை மேடம் ஓகே பண்ணினார். முதல் சாம்பிளில் ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவருக்கே சிரிப்பு.

"இத்தனை வருஷத்துல கீறல் இல்லைன்னு நான் ரிஜெக்ட் பண்ற முதல் பீஸ் இதுதாம்ப்பா."

வேலை தப்பித்தது, கால்தான் வீங்கிப்போனது. மேஜைக்கு அடியில் மாஸ்டர் அதை மிதித்து மிதித்துச் சொல்லச் சொன்னதை நான் கடைசிவரை சொல்லவில்லை.