முதுகு இல்லாத டிவி உறை

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு தோல் உறை இருக்கிறது. பழுப்பு நிறம், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். முன்பக்கத்தைத் திரைபோலத் தூக்கி மேலே போட்டுக்கொள்ளலாம். பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது. ஆனால் திருப்பினால் பின்பக்கமே இல்லை. ஏதோ அவசரத்தில் கத்தரியால் கோணல்மாணலாக வெட்டி எடுத்ததுபோல இருக்கும். போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்ததால் சாமான்களை எல்லாம் இறக்கி வைத்தோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பார்க்கிற என் மகள் கையில் அது சிக்கிவிட்டது. “யாரும்மா இத இப்டி நாசம் பண்ணது? பின்னாடி ஒரு பீஸ் வெச்சுத் தெச்சா சூப்பர் பை ஆவும், குடு” என்றாள். உன் பை மோகத்துக்கு வேறு தோலைப் பார் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நான் சேர்ந்தது ஆம்பூர் பஜாரில் இருந்த ஒரு டிவி கடையில், பில் போடுகிற வேலைக்கு. முதலாளி ஒரே ஒரு கம்பெனியின் கலர் டிவியை மட்டும்தான் விற்றார். அந்தக் கம்பெனியின் முதல் கலர் டிவிக்கு நான்கு மரக்கால்கள் உண்டு. முன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடுகிற மரக்கதவு. திருகுவதற்குப் பெரிய பெரிய குமிழ்கள். அடுத்து வந்ததில் கால்கள் போய்விட்டன, குமிழ்களுக்குப் பதில் பட்டன்கள் வந்தன. கதவு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் அது விற்றதே அந்தக் கதவுக்காகத்தான்.

பாய் வீடுகளில் பெரும்பாலும் ஒரு ஹால்தான். டிவி இருப்பதும் அங்கே, பெண்கள் தொழுவதும் அங்கே. எதிரே திரையில் உருவங்கள் அசைந்துகொண்டிருந்தால் தொழுகையில் மனசு நிற்காது. அதனால் மசூதியில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சத்தம் கேட்டதும் கதவை இழுத்து மூடிவிடுவார்கள். கடையிலும் அப்படித்தான். நான் எழுந்துபோய் வரிசையாக எல்லாவற்றையும் மூடுவேன். டிவியை அணைக்க மாட்டோம், சத்தத்தை மட்டும் குறைப்போம். அணைத்துவிட்டால் மறுபடி படம் வர நேரம் பிடிக்கும். இதைப் பார்த்துவிட்டு, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்து டிவி வாங்கிப்போன விவசாயக் குடும்பங்கள்கூட அதே நேரத்துக்குக் கதவை மூடினார்கள். பெட்டிக்கு அப்போதெல்லாம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

மூன்றாவதாக வந்தது கறுப்பு பிளாஸ்டிக் டிவி. ரிமோட் இருந்தது, கதவு இல்லை. கதவு வைத்துத் தரக் கூடாதா என்று முதலாளி கேட்டதற்கு, சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனி ஆள் டையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ரிமோட் வந்த பிறகு கதவு எதற்கு என்றார். அவருக்கென்ன, சாயந்திர ரயிலில் காட்பாடி தாண்டிப் போய்விடுவார். கடைக்கு வந்த பெண்கள் புது டிவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், கதவு எங்கே என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். கடையில் ஈ ஓட்டினோம்.

அப்போதுதான் ஆப்பா இந்தக் கதைக்குள் வந்தார். ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. முதலாளியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆனால் பஜார் பக்கம் அவர் தலைகாட்டியதே இல்லை. கல்யாணத்துக்கு முன் வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுத்தவர், அந்த மிஷின் இன்னும் இருந்தது. அவருடைய அண்ணன் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் தள்ளுபடியான தோலை வரவழைத்து, டிவிக்கு ஒரு சட்டை மாதிரி உறை தைத்தார். முன்திரையை இறக்கினால் டிவி இருப்பதே தெரியாது. ஒன்றைத் தைத்துக் கடையில் மாட்டினோம். அடுத்த வாரமே டிவிகள் நகரத் தொடங்கின. ஆப்பா ராத்திரி பகல் பார்க்காமல் தைத்தார். முதலாளி முகத்தில் சிரிப்பைப் பார்த்து எனக்கும் நிம்மதி, என் வேலையும் அதில்தானே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவர் கடைக்கு ஓடிவந்தார். அவர் வீட்டு டிவியிலிருந்து புகை வந்திருந்தது. பழைய பழக்கத்தில், டிவியை அணைக்காமல் திரையை மட்டும் இறக்கிவிட்டுத் தொழப் போயிருக்கிறார்கள். மரக்கதவு இருந்த காலத்தில் பின்பக்கம் திறந்தே இருக்கும், சூடு வெளியே போய்விடும். இந்த உறையில் சூடு போக வழியே இல்லை. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வேறு டிவி கொடுத்து அனுப்பினோம்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த திரைச்சீலைக்குப் பின்னால் ஆப்பா நின்றிருந்தார். முதலாளி, கடைக்கு வருகிறவர்களிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், இப்போதே ஊரெல்லாம் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

“வியாபாரம் போனா போவட்டுங்க. எங்கனா ஒரு வீடு எரிஞ்சா இன்னா பண்ணுவீங்க? நான் தெச்சது. நானே போய் வெட்டிட்டு வர்றேன்” என்றார் ஆப்பா.

யார் யார் வீட்டுக்கு உறை போயிருக்கிறது என்று பில் போட்ட எனக்குத்தான் தெரியும். அதனால் என்னையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டார். புர்காவுக்குள் பெரிய கத்தரி. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் டிவிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. அப்புறம் தப்பு எங்களுடையது என்று நேராகச் சொல்லிவிட்டு, உறையின் பின்பக்கத்தை வெட்டி எடுப்பார். சில வீடுகளில் காபி கொடுத்தார்கள். சில வீடுகளில் டிவியையே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினார்கள். ஆப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. என்ன நெஞ்சழுத்தம் என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். தவணையில் நானும் ஒரு டிவி எடுத்திருந்தேன். என் அம்மா உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அழகானதை வெட்டவேண்டாம், நாங்கள் ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறோம் என்று கெஞ்சினார்.

“இந்த ரூம்லதானே பசங்க படுக்குதுங்க? விடும்மா” என்றார் ஆப்பா. அம்மா கையை எடுத்துவிட்டார்.

முதலாளி பயந்ததுதான் நடந்தது. திரும்பி வந்த டிவிகள் கடையை அடைத்துக்கொண்டன. கம்பெனி எங்களை விட்டு வேறு கடையைப் பார்த்துக்கொண்டது. முதலாளி மின்விசிறியும் மிக்ஸியும் விற்றுக் காலத்தை ஓட்டினார். நான் வேறு வேலைக்குப் போனேன். ஆப்பா அதன் பிறகு மிஷினில் உட்காரவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அந்தக் கம்பெனியும் இப்போது டிவி செய்வதில்லை.

வெள்ளையடித்து முடித்த அன்று சாயந்திரம் பாங்கு சத்தம் கேட்டது. மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ரிமோட்டை அழுத்தி டிவி சத்தத்தை நிறுத்தினாள். அவளுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம், ஏன் என்று கேட்டதில்லை. நான் எழுந்துபோய், சுவரில் தொங்குகிற டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். “இன்னாம்மா, டிவிக்கு ஜுரமா?” என்று சிரித்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆப்பாவைப் பற்றி முழுசாகச் சொன்னேன்.

அவள் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையலை விரலால் தடவினாள், அப்புறம் வெட்டிய ஓரத்தை. கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இவ்ளோ நேரா தெச்ச கை இது. வெட்டறப்போ நடுங்கியிருக்கும்மா” என்றாள்.

கத்தரி பட்ட இடத்தை நானும் குனிந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக அதை அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன்.