நிரம்பி வழிந்த வங்கியும் ஓடெத்தின் மாவு மிஷினும்

ஓடெத் சுவெந்தே என்ற பெயரை ஃபிலோமென் முதன்முதலில் கேட்டது பஃபூசாம் ஊர்ச் சந்தையில், சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது. அவளுடைய தாய்மாமன் மகனின் மூத்த மருமகள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அத்தை, வங்கி மேனேஜரையே ஒருத்தி பேச்சுல மடக்கிட்டா. பேரு ஓடெத். விசாரிச்சா நம்ம சின்னப் பாட்டி வழியாம்."

நடந்தது இதுதான். ஓடெத்தின் மலைக் கிராமத்தில் சோளம் விளைந்து நின்றது. அரைக்க வேண்டுமென்றால் பெண்கள் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பழைய மாவு மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. விற்பவன் புதன்கிழமைவரைதான் பொறுப்பேன் என்றான். ஓடெத் வங்கிக்குப் போனாள். அங்கே பணம் அளவுக்கு மேல் சேர்ந்துபோய், புதிதாகப் போடுகிறவர்களுக்கு வட்டி கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"ஐயா, வேணாங்கிற அளவுக்கு வெச்சிருக்கீங்க. எனக்கு ஒரு மிஷினுக்குக் குடுத்தா என்ன?"

"நிலப் பத்திரம் இருக்காம்மா?"

"எங்க மலையில நிலமெல்லாம் ஊர்த் தலைவரோடது. யார்கிட்டயும் பத்திரம் கிடையாது."

"அப்ப முடியாது. நீங்க கட்டலேன்னா என் வேலை போயிடும். அரசாங்கத்துக்குக் கடனா குடுத்துட்டா நான் நிம்மதியா தூங்குவேன்."

"கோழிகூட மூணு வாரம் உட்கார்ந்தா குஞ்சைக் காட்டும். உங்க பெட்டி எத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கு?"

இதைக் கேட்டு ஃபிலோமென் சிரித்த சிரிப்பில் கிழங்கு கை நழுவியது. அன்றே ஓடெத்தைத் தேடிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் மாதச் சீட்டுக் கூட்டத்துக்கு அழைத்து வந்தாள்.

அந்த மேனேஜர் வாந்ஜியும் அதே சீட்டில்தான் இருந்தார். வீட்டுக்குப் புதுக் கூரை போட அவரும் சீட்டைத்தான் நம்பியிருந்தார். அன்று அவர் முறை. எடுப்பவர் எல்லோருக்கும் சோறு போட வேண்டும் என்பதால், அவர் மனைவி சேப்பங்கிழங்கு இடித்து மஞ்சள் குழம்பு வைத்திருந்தாள். புதிதாகச் சேர்பவருக்குக் கடைசி முறைதான், பதினொரு மாதம் கழித்து. ஆனால் பழைய ஆள் ஒருவர் ஜாமீன் நின்றால், முறைக்காரர் தன் முறையை மாற்றித் தரலாம்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ஃபிலோமென் எழுந்தாள்.

"வாந்ஜி தம்பி, உன் பழைய கூரை இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும். இவளுக்குப் புதன்கிழமைக்கு மேல நாள் கிடையாது. இவ கட்டலேன்னா என் முறையை நீ எடுத்துக்க."

"அக்கா, வங்கியில ஒரு தடவை பார்த்ததோட சரி. இவங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாதே."

"கேளு, சொல்றேன்."

ஓடெத்தின் அம்மா, அம்மாவின் அக்கா, அந்த அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு என்று ஃபிலோமென் ஒவ்வொருவராகச் சொன்னாள். அவர்களில் ஒருத்திகூட ஒரு ஞாயிறும் சீட்டுப் பணம் கட்டத் தவறியதில்லை. கூட்டம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. வாந்ஜி விரலை நக்கிக்கொண்டார்.

"வங்கி ஃபாரத்துல இதையெல்லாம் எழுத இடமே இல்லக்கா."

"இங்கதான் ஃபாரமே இல்லையே."

வாந்ஜி தன் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சோறு போட்டது நான், சீட்டு எடுக்கிறது இந்தம்மா. நல்ல ஊருய்யா" என்று சொல்லிப் பணப்பையை ஓடெத் பக்கம் தள்ளினார். மேனேஜரையே மடக்கியவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்க வாந்ஜி வீட்டில் ஒழுகிய இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்தார்கள். மலையில் மிஷின் ஓடியது. இரண்டு பெண்களுக்குக் கூலி கிடைத்தது; மறு வருஷம் மாவு மூட்டைகள் துறைமுக நகரமான டூவாலாவுக்கு லாரி ஏறின. ஓடெத் ஒரு ஞாயிறும் தவறவில்லை; அவளுடைய கடைசி முறையை எடுத்து வாந்ஜி கூரை போட்டார்.

இப்போது அவள் பஃபூசாம் சந்தைச் சாலையில் மூன்று மிஷின்களோடு இருக்கிறாள்.