கறுத்துப்போன வெள்ளைக் குதிரை

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஞாபகமும் இப்போது சல்லடைதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. யாரிடமாவது சொன்னால்தான் அடங்கும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகள் ஒரு டிஸ்க் வாங்கிவந்தாள். "அத்தே, வெங்காயக்காரன் படம்னு சொல்லிக்கினே இருப்பீங்களே, இத்தான் அது. கீறலெல்லாம் எடுத்துப் புதுசாக்கிட்டாங்க" என்றாள். கௌபாய் படம்தான், ஆனால் இத்தாலிக்காரர்கள் எடுத்ததாம். ஐம்பது வருஷமாக அமெரிக்கா என்றே நினைத்திருந்தேன்!

படத்தில் அந்த வெங்காயக்காரன் யாரைச் சுடுவதற்கு முன்னாலும் ஒரு பச்சை வெங்காயத்தை உரித்துக் கடிப்பான். புது டிஸ்க்கில் அந்தத் தோலின் நரம்புகூடத் தெரிந்தது. எனக்கு வாசனையே வந்துவிட்டது. கூடவே கடம்பத்தூர் டென்ட் கொட்டகையும் வந்துவிட்டது.

அங்கே என் சின்னம்மா வறுத்த பட்டாணி விற்றாள். நான் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தேன். தலை நிமிரவே மாட்டேன். ஊர்ப் பெண்களை எனக்குக் கால்விரலை வைத்துத்தான் அடையாளம் தெரியும். படம் ஓட்டும் ஆபரேட்டரையும் அப்படித்தான், கேபின் படியில் தெரியும் இரண்டு பாதம். அந்தப் பாதக்காரர் சின்னம்மாவிடம் என்னைப் பெண் கேட்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. டென்ட் கொட்டகை ஆட்கள் கொஞ்ச மாதத்தில் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வேறு ஊர் போகிறவர்கள். கூட்டிப் போவாரா, விட்டுவிட்டுப் போவாரா? இதை வாய்விட்டுக் கேட்க எனக்கு ஏது தைரியம்?

அப்போதுதான் வெங்காயக்காரன் வந்தான். முதல் நாள் கடைசி ரீல் ஓடும்போது நான் வெளியே வாசல் படுதாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். "பாவி, அந்தப் பொண்ண கிணத்தாண்ட நிக்க வச்சிட்டுப் பூட்டானே!" எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் கேபின் படியில் அவர் நின்று பார்க்கிறார். ஓடியே போய்விட்டேன்.

மறுநாள் முடிவை உள்ளே போய்ப் பார்த்தேன். வெங்காயக்காரன் திரும்பி வந்தான், அவளைத் தூக்கிக் குதிரைமேல் வைத்துக்கொண்டு புழுதி பறக்கப் போனான்! படம் முழுக்க வெள்ளையாக இருந்த குதிரை கடைசியில் கறுப்பாகியிருந்தது. அவள் கவுனும் வேறே. மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கா பதில் தெரியாது?

"வெயில்ல அலைஞ்சா கறுக்காதா?"

"கல்யாணம்னா புதுசு உடுத்த மாட்டாளா?"

முந்தின நாள் பெண்கள் சரியாகப் பார்க்காமல் உளறியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். பதினோரு நாள் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் சின்னம்மாவிடம் "சரி" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படம் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. எங்கள் கொட்டகையில் படம் முழுக்கக் கீறல் கோடு கோடாக மழை பெய்யும். இதில் வியர்வைத் துளி, தாடி மயிர், தொப்பியில் உட்கார்ந்த ஈ, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. டி.வி. முழுக்க இரண்டு கண் மட்டும் வந்து நின்றபோது, "சுடுடா!" என்று நானே கத்திவிட்டேன். நான்! பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், அதே பாதக்காரர்தான், நடுங்கிப்போனார்.

கடைசியில் அவன் வெள்ளைக் குதிரையில் ஏறினான். அவள் கிணற்றடியில் நின்றாள். போனான், போனான், திரும்பவே இல்லை. படம் முடிந்துவிட்டது.

"இன்னா இது? தப்பு டிஸ்க்குடி!" என்றேன்.

"இல்ல அத்தே, இத்தான் ஒரிஜினலு."

என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார்.

"யோவ், எங்க போற? உக்காரு."

உட்கார்ந்தார். "அன்னிக்கு நீ அழுதியா… என் டிரங்குப் பொட்டில வேற கௌபாய் படத் துண்டு ஒண்ணு இருந்துச்சு. கடைசில இருந்தத வெட்டிட்டு அத்த ஒட்டிட்டேன். படப் பொட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போறப்ப அவங்க முடிவ அவங்களுக்கே ஒட்டிக் குடுத்துட்டேன்."

"மூஞ்சி வேறயா இருக்குமே?"

"முதுகுதானே காட்றான். தொப்பி போட்டா எல்லாம் ஒரே முதுகுதான்."

"குதிரை?"

"வெள்ளைக் குதிரைக்கு நான் எங்கம்மே போவேன்?"

மருமகள் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உருண்டு சிரித்தாள். "மாமா, அந்தத் துண்டு எங்க?"

அவர் விரல் என்னைக் காட்டியது. வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்த வருஷம், போகியன்று கிழிந்த பாயோடு ஒரு துருப்பிடித்த டின்னையும் நெருப்பில் கவிழ்த்தது எனக்கு நினைவு வந்தது. உள்ளே இருந்த பிலிம் சுருள் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. என்னமாய் எரிகிறது என்று கைதட்டினேன். அவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பியில் இருந்த ஈயைக்கூடக் காப்பாற்றிவிட்டார்கள். நான் "சரி" சொன்ன அந்த முடிவு மட்டும் எந்த ஊரிலும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். மிச்சம் இருப்பது எங்கள் இரண்டு தலைக்குள்தான். அதிலும் தகராறு. அவன் அவளைத் தூக்கியது வலக் கையால் என்கிறேன் நான், இடக் கை என்கிறார் இவர். அந்த மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். ஒட்டினவர் பேச்சை இனி நான் நம்புவதாக இல்லை.